நெல்லின் மேல் நின்ற பிள்ளைகள்

என் கணவருக்கு அச்செழுத்தின் மேல் அப்படி ஒரு பக்தி. வாயால் ஒன்றைச் சொன்னால் ஒன்பது கேள்வி கேட்பார். அதையே தாளில் அடித்துக் கொடுத்தால் மறுபேச்சு கிடையாது. சீயக்காய்ப் பொட்டலத்தில் கூந்தல் முழங்கால் வரை வளரும் என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, ஒரு மாதம் போல என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவர் இண்டர்மீடியட், இங்கிலீஷ் வேறு படிப்பார். அதனால் எங்கள் வீட்டில் விவாதம் என்று வந்தால் ஜெயிப்பது அவர்தான். சரியாக இருப்பது நான்.

கல்யாணமாகி நாங்கள் குடியேறியது மலைமேல் செண்பகனூரில், ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருந்த ஒரு பலகை வீட்டில். தகரக் கூரை, பலகைச் சுவர், நடுவில் ஓர் அரைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் மற்ற எல்லாம். பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. பனிமூட்டம் அந்த வழியாக உள்ளே வந்து, கொடியில் கிடந்த துணியை நனைத்துவிட்டுப் போகும். அந்தப் பக்கத்துப் பலகை வீடுகளில் இதற்கு ஒரே வைத்தியம்தான். மைதாப் பசை காய்ச்சி, கரப்பான் வராமலிருக்க அதில் துளி மயில்துத்தம் போட்டு, பழைய பத்திரிகைத் தாளை மூன்று நான்கு அடுக்காகச் சுவரில் ஒட்டிவிடுவது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரைப் படித்துக்கொண்டே காப்பி குடிக்கலாம்.

தாள் கொடுத்தது கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த பாய். பங்களாக்களிலிருந்தும் வாசகசாலைகளிலிருந்தும் பழைய தாளை அவர் மூட்டையாக எடுப்பார். சாதாரணத் தாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். வழவழவென்று கெட்டியாக இருக்கும் வர்ணப் பத்திரிகைத் தாள் மடிக்க வராது, நழுவும். அதை என் மாதிரிப் பலகை வீட்டுக்காரிகளுக்கென்று ஒதுக்கி வைப்பார். அந்த வருஷம் அவரிடம் நிறையக் கிடந்தது ஒரு சீனத்துப் படப் பத்திரிகை. அதை அந்த நாட்டு அரசாங்கம் உலகமெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது. மலையில் யாரும் அதைப் பெரிதாகப் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் குளிருக்கு அதை விட நல்ல தாள் கிடையாது. எங்கள் வீட்டின் வடக்குச் சுவர் முழுக்கச் சீனா ஆயிற்று.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யாரும் அழவில்லை, யாருக்கும் வயதாகவில்லை. எல்லாக் கன்னமும் ஆப்பிள் நிறம். அதில் ஒரு படம், வயல் படம். நெற்பயிர் அடர்ந்து விளைந்து தலைசாய்ந்திருக்க, கதிர்களின் மேலேயே நாலு பிள்ளைகள் நின்றுகொண்டு சிரிக்கிறார்கள். பயிர் அவ்வளவு நெருக்கமாம். பிள்ளைகளையே தாங்குகிறதாம். கீழே போட்டிருந்த விளக்கத்தை அவர்தான் எனக்குப் படித்துச் சொன்னார்.

நான் பிறந்தது பழனிக்குப் பக்கத்தில், சண்முகாநதிப் பாசனத்தில். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் எனக்கு எழுத்துக்கு முன்னால் வந்தவை. விளைந்த பயிரின் மேல் ஒரு கொக்கு உட்கார்ந்தாலே கதிர் மடங்கும்.

"பொய்யி," என்றேன்.

"போட்டோ பிடிச்சிருக்கான், நீ பொய்யிங்கற!"

"நெல்லு நிக்கணும்னா காத்து வேணும், வெளிச்சம் வேணும். இம்புட்டு நெருக்கமா நட்டா ரெண்டே வாரத்துல அழுகிப் போகும். இதைப் பிடிச்சவன் வயல்ல கால் வச்சிருக்க மாட்டான்."

"ஒனக்கு ஒலகம் சண்முகாநதியோட முடிஞ்சிருச்சு," என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர் அரசாங்க விதைப் பண்ணை ஒன்றில் தற்காலிக எழுத்தராக இருந்தார். உருளைக்கிழங்கு விதை கொடுக்கும் பண்ணை. என்னிடம் ஜெயித்த சூட்டோடு போய் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். சீனத்தில் பயிரை நெருக்கி நட்டு மாபெரும் விளைச்சல் காண்கிறார்கள், நம் மலைச்சரிவிலும் கிழங்கை அப்படி நட்டுப் பார்க்கலாம் என்று. அதிகாரி அதைப் படித்தாரோ இல்லையோ, கோப்பில் வைத்துக் கட்டிவிட்டார். விதை வாங்க வந்த கவுஞ்சி ஊர் விவசாயி ஒருவரிடமும் இவர் இதை விளக்கியிருக்கிறார். அந்த மனிதர் முழுவதும் கேட்டுவிட்டு, "ஏஞ் சாமி, கெழங்கு மூச்சு விட வேணாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாராம்.

அப்புறம் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு பாத்தி போட்டார். கிழங்கு கிழங்கை இடிக்கிற மாதிரி நட்டார். செடி வந்தது, இலை இலையாக வந்தது. மழை பிடித்ததும் மொத்தமும் கருகிச் சாய்ந்தது. தோண்டியபோது கிடைத்ததெல்லாம் கோலிக்குண்டு. அதை எறியவிருந்தவரைத் தடுத்து, ஒரு பால் மாவு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன். சண்டை வரும்போதெல்லாம் வாயைத் திறக்கவே மாட்டேன், டப்பாவை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்குவேன். அவர் வெளியே போய்விடுவார்.

இத்தனைக்கும் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். கைக்குழந்தை ஒன்று. அதற்கு நெஞ்சில் சளி, காற்றுப் பட்டால் இழுக்கும். ஒரு நம்பிக்கை என்னவென்றால், இவருக்கு வேலை நிரந்தரமானால் பண்ணைக்குள்ளேயே கல் கட்டிய குடியிருப்பு கிடைக்கும். உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் போலீஸ் விசாரித்து நல்ல ஆள் என்று எழுத வேண்டும். அது சும்மா சடங்கு என்று எல்லாரும் சொன்னார்கள்.

அந்த ஐப்பசியில் சீனப் போர் வந்தது.

அதுவரை இவருடைய அலுவலகச் சுவரில் இரண்டு நாட்டுக்காரர்களும் அண்ணன் தம்பிபோலக் கைகுலுக்கும் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் ஆணி மட்டும் இருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று கடைவீதியிலிருந்து செண்பகனூர் வரை ஏறி இறங்கியது. ஒற்றர்கள் எங்கும் இருப்பார்கள், பக்கத்திலிருப்பவரைக் கவனியுங்கள், வாயைக் காத்துக்கொள்ளுங்கள் என்றது. ரேடியோவில் நம் படைகள் தீரத்துடன் போரிடுகின்றன என்றார்கள். மறுநாள் தீரத்துடன் பின்வாங்கின என்றார்கள். எனக்குத் திக்கென்றது. இவர் மட்டும், பின்வாங்குவது ஒரு போர்முறை என்று பேப்பரில் போட்டிருந்ததாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வருவதை நிறுத்திக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை முறை காப்பி குடித்திருக்கிறாள்!

பாய் ஒருநாள் அரிசியை அளந்துகொண்டே குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, அந்தத் தாளு இன்னும் சுவத்துல கெடக்கா?"

"கெடக்கு பாய்."

"மப்டியில ஆளு வந்து கேட்டாங்க, சீனாத் தாளு யாரு யாரு வாங்குனாங்கன்னு. எடைக்கு வந்த குப்பை, யாருக்குப் போச்சோ எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். வெரசா மறைச்சிருங்க. ஒங்க வீட்டுக்காரரு சர்க்கார் சோலி பாக்குறவரு."

அன்றைக்கே இவரும் முகம் வெளுத்து வந்தார். போலீஸ் விசாரணைக்குக் கோப்பை எடுத்திருக்கிறார்கள். கோப்பின் நடுவில் அந்தக் குறிப்பு. "சீனத்தில் மாபெரும் விளைச்சல்" என்று இவர் கையெழுத்திலேயே. வேலை நிரந்தரமாவது இருக்கட்டும், வேலையே போகலாம், உள்ளே கூடப் போடலாம் என்று கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஆசையோடு சொல்லியிருக்கிறார். நான் டப்பாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தாளைக் கிழித்துவிடலாம் என்றால், கிழித்த இடத்தில் குளிர் நேரே குழந்தையின் நெஞ்சுக்கு வரும். மூன்று அடுக்கையும் சுரண்டிக் கொல்லையில் எரித்தால் ஊரே புகையைப் பார்க்கும். கடைசியில் அவருக்கே யோசனை வந்தது. ஊரெல்லாம் ஒட்டச் சொல்லி அவருடைய அலுவலகத்துக்கு நம் அரசாங்கத்தின் போர்ச் சுவரொட்டிகள் கட்டுக்கட்டாக வந்திருந்தன. பத்து எடுத்து வந்தார். பனிமலை உச்சியில் கம்பளிக் கோட்டும் ரோமத் தொப்பியுமாகத் துப்பாக்கியோடு சிரிக்கும் சிப்பாய். பத்திலும் அதே சிப்பாய். மைதாவுக்கு அப்போது தட்டுப்பாடு, சோற்றுக் கஞ்சியைக் குழைத்து ஒட்டினேன். சீனத்துப் பிள்ளைகள் எல்லாரும் நம் சிப்பாய்க்குப் பின்னால் போனார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அதே நாட்களில்தான் மாதர் சங்கத்தில் பச்சைக் கம்பளி நூல் கொடுத்து, எல்லைச் சிப்பாய்களுக்கு ஸ்வெட்டர் பின்னச் சொன்னார்கள். நானும் வாங்கினேன். எனக்குப் பின்னல் வேகமாக வராது. ஒரு கையை முடிப்பதற்குள் ஒரு ஊரை இழந்துவிட்டோம் என்று ரேடியோ சொல்லும்.

கார்த்திகையில் ஒரு பிற்பகல், அடை மழைக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவில் விசாரணைக்கு ஆள் வந்தார். மப்டியில் இருந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டர். நாற்பது வயதிருக்கும், நனைந்த மப்ளர், கையில் ஒரு நோட்டு. தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். என் கணவர் நின்றுகொண்டே இருந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

ஊர், படிப்பு, எந்தக் கட்சி, எந்தக் கூட்டத்துக்குப் போனீர்கள் என்றெல்லாம் கேட்டார். அப்புறம் நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்தக் குறிப்பேதான். நிதானமாக, ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"இந்தச் சேதி ஒங்களுக்கு எங்கருந்து வந்துச்சு?"

இவர் என்னைப் பார்த்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்து, ஆவி தடுப்பின் மேலாக வடக்குச் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. வழவழத் தாளின் மேல் சோற்றுக் கஞ்சி எத்தனை நாள் பிடிக்கும்? முதலில் ஒரு மூலை சுருண்டது. அடுத்து சிப்பாயின் தொப்பி முன்னால் குனிந்தது. பிறகு சுவரொட்டி முழுசாக வழுக்கிக்கொண்டு, சப்-இன்ஸ்பெக்டரின் காலடியில் வந்து விழுந்தது.

சுவரில் நாலு பிள்ளைகள் நெல்லின் மேல் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து படத்தின் பக்கத்தில் போனார். கையால் தடவிப் பார்த்தார். என் கணவர் சுவரோடு சுவராகச் சாய்ந்துவிட்டார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்காது. சரி, போனது போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சார், இவரு ஒற்றரெல்லாம் இல்லீங்க. ஒற்றருக்குக் கொஞ்சமாச்சும் சூது வேணுமில்லீங்களா? அச்சுல எது வந்தாலும் இவரு நம்பிருவாருங்க. அம்புட்டுத்தான் இவரு குத்தம். குளுருக்கு ஒட்டுன தாளு, அதைப் படிச்சு ஏமாந்துட்டாரு. பொய்யின்னு நான் அன்னைக்கே சொன்னேன், கேக்கல. கொல்லையில நட்டும் பாத்தாரு. இந்தா பாருங்க."

அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்து ஸ்டூலின் மேல் கொட்டினேன். வாடிச் சுருங்கிய கோலிக்குண்டுக் கிழங்குகள் நாலாப் பக்கமும் உருண்டன.

சப்-இன்ஸ்பெக்டர் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். கிழங்கைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வாய்விட்டே சிரித்தார்.

"நானும் நாத்து நட்டவன்தாம்மா. எங்க ஊரு திருமங்கலத்துப் பக்கம். நெல்லு மேல பிள்ளை நிக்கிதா? எருமைய நிறுத்திருக்கலாம்ல?"

எனக்குக் கால் தரையில் பட்டது போலிருந்தது. ஆனால் அவர் குனிந்து, விழுந்து கிடந்த சுவரொட்டியை எடுத்தார். சிரிப்பு நின்றிருந்தது.

"இது?" என்று என் கணவரிடம் நீட்டினார். "இதையும் நம்புறீங்களா?"

என்ன பதில் சொன்னாலும் ஆபத்து என்று எனக்குப் பட்டது. நம்புகிறேன் என்றால், சீனத்துப் படத்தையும் இப்படித்தானே நம்பினீர்கள் என்று கேட்கலாம். நம்பவில்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

"நம்புறேங்க சார்," என்றார் இவர். மனசாரத்தான் சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் அந்தச் சிப்பாயின் கம்பளிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் தம்பி அங்கதான் இருக்கான்," என்றார். "தீபாவளிக்கு முந்தி ஒரு கடுதாசி வந்துச்சு. கோட்டு இன்னும் வந்து சேரலையாம். ரெண்டு பருத்திச் சட்டையை ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கிட்டு நிக்கிறானாம். அதுக்கப்புறம் சேதியே இல்ல. எங்கம்மா தெனம் இந்தப் படத்தைப் பாத்துட்டு, கோட்டு குடுத்துட்டாங்கடான்னு சந்தோசப்படுது. நான் என்னத்தச் சொல்ல?"

என் பின்னல் கூடையில் பச்சை ஸ்வெட்டர் ஒரு கையோடு கிடந்தது. அதைச் சட்டென்று மறைக்க வேண்டும் போலிருந்தது, ஏனென்று தெரியவில்லை. காப்பியைக் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் கேட்டார்: "பசை இருக்காம்மா?"

கஞ்சிப் பசையைக் கொடுத்தேன். அவரே சுவரொட்டியைப் பிள்ளைகளின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். என் கணவர் மூலைகளை ஒட்டினார். "கடைவீதியில சொல்லி மைதா வாங்கிக் காய்ச்சுங்க. கஞ்சி நிக்காது," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். நோட்டில் இரண்டு வரி எழுதி மூடினார். "அந்த டப்பாவைப் பத்திரமா வச்சுக்கங்க." அவ்வளவுதான் விசாரணை.

அவர் தலை ரோட்டு வளைவில் மறைகிற வரை நாங்கள் அசையவில்லை. அப்புறம் இவர் உட்கார்ந்து, "ஒரு அதிகாரி முன்னால என்னைய முட்டாள்னு சொல்லிட்டியே," என்றார்.

"வேற எதைச் சொல்லி ஒங்களைக் காப்பாத்துறது?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "வேற ஒண்ணும் இல்லதான்," என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவருக்கும் வந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தை ஒன்றும் புரியாமல் கிழங்கை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

தை மாதம் நிரந்தர உத்தரவு வந்தது. பண்ணைக் குடியிருப்பில் ஆனி மாதம் இடம் காலியாகும் என்றார்கள். போர் அதற்கு முன்பே நின்றிருந்தது. அன்று சப்-இன்ஸ்பெக்டர் போன பிறகு ராப்பகலாக உட்கார்ந்து ஸ்வெட்டரை முடித்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது, பெட்டி எல்லாம் அனுப்பியாயிற்று, இனி வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவமானமாக இருந்தது. பாச்சை உருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

வைகாசியில், மலையில் சீசன் கூட்டம் நெருக்கும் நேரத்தில், ஒரு காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் அதே சப்-இன்ஸ்பெக்டர். மறுபடியும் விசாரணையோ என்று பார்த்தேன். ஆனால் கையில் நோட்டு இல்லை, ஒரு கூடை மாம்பழம் இருந்தது. பின்னால் ஒல்லியாக, கன்னம் ஒட்டி, மொட்டையடித்து முடி முளைத்த தலையோடு ஓர் இளைஞர் நின்றார்.

"தம்பி," என்றார். அந்த இளைஞரின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

எதிரியிடம் பிடிபட்டு முகாமில் இருந்தவர். விடுதலையாகி வந்து பத்து நாள் ஆகியிருந்தது. "அந்தப் படம் இன்னும் இருக்காம்மா?" என்று அண்ணன் கேட்டார். "இவன் பாக்கணுங்கறான்."

என் கணவர் ஈரத்துணியை எடுத்து, மைதாப் பசையில் ஒட்டியிருந்த சிப்பாயை மெல்ல மெல்ல ஊறவைத்து உரித்தார். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். தம்பி முகம் மலர்ந்துவிட்டது.

"இதேதான்! இதைத்தான் எங்களுக்கும் குடுத்தாங்க. எங்க நாட்டைப் பாருங்கன்னு படப் புஸ்தகமாக் குடுப்பாங்க. அங்க மாசக்கணக்கா ஒருத்தரும் சிரிச்சதில்லக்கா. இந்தப் பக்கத்தைத் திருப்புனதும் வயக்காட்டு ஆளுங்க நாங்க அஞ்சாறு பேரு பாத்தோம். அம்புட்டுத்தான், அடக்க முடியல. சத்தம் கேட்டுக் காவல்காரன் ஓடியாந்தான். எதுக்குச் சிரிக்கிறோம்னு புஸ்தகத்தைப் புடுங்கிப் பாத்தான்." அவர் கையால் வாயைப் பொத்திக் காட்டினார். "அவனும் இப்படிப் பொத்திக்கிட்டுத் திரும்பி நின்னுட்டான். முதுகு குலுங்குது."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். என் கணவர்தான் அதிகம் சிரித்தார். பல வருஷம் கழித்து எங்கோ படித்தேன், அந்த மாதிரிப் படங்களில் பயிருக்குள் பெஞ்சு போட்டுப் பிள்ளைகளை நிறுத்தினார்களாம். அந்த வருஷங்களில்தான் அங்கே பஞ்சத்தில் ஊர் ஊராகச் செத்தார்களாம். அந்தக் காவல்காரனுக்கு அது தெரிந்திருக்கும். அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

அவர்கள் கிளம்பும்போது தம்பி, கழற்றி வைத்த சுவரொட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். கோட்டின் காலரை விரலால் தொட்டார். திரும்ப வைத்துவிட்டார். நான் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை நாற்றத்தோடு ஸ்வெட்டரை நீட்டினேன்.

"அப்பவே அனுப்பியிருக்கணும். எனக்குப் பின்ன வரல. ஒரு கை நீளம் வேற."

அவர் அங்கேயே போட்டுக்கொண்டார். வலது கை விரல் நுனி வரை வந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நாங்களும் கூடப் போனோம். வெயில் சுள்ளென்று அடித்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவரிடம், "மலை எறங்கி வத்தலக்குண்டு போறதுக்குள்ள வெந்துரும் தம்பி, கழட்டி மடியில வச்சுக்கங்க," என்றேன்.

"வேகட்டும்க்கா," என்றார்.

பஸ் கிளம்பியது. நீளக் கை ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டே போயிற்று.